ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு குளிர்காலம்

எங்கள் பக்கத்து வீட்டு சாருக்கு ‘செத்துப்போச்சு’ என்கிற ஒரு சொல் மட்டும் வாயில் வராது. மற்றபடி அவருக்குச் சொற்பஞ்சம் கிடையாது. குப்பை வண்டி ஒரு நாள் வராமல் போனால் கேட் அருகில் நின்று அவர் பேசுவதைக் கேட்க முடியாமல் நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன். அப்படிப்பட்ட வாய் இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பதிலாக அவர் வைத்திருந்த சொல், ‘தூங்குது.’

அவர் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. டயர் இரண்டும் காற்று போய்த் தரையோடு ஒட்டிக்கிடந்தன. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியது. பழைய சாமான் வாங்குகிறவர்கள் வாரம் தவறாமல் அதைப் பார்த்து நாக்கில் நீர் ஊற நின்றுவிட்டுப் போவார்கள். நானும் ஒரு தடவை கேட்டேன்.

“சார், இதைப் போட்டுட்டா வாசல் கொஞ்சம் விசாலமாகுமே?”

“எதுக்கு டீச்சர்? தூங்குது. ஒரு சர்வீஸ் விட்டா எந்திரிச்சிடும்.”

மிக்ஸி தூங்கியது. சுவர்க் கடிகாரம் தூங்கியது. சார் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். ஆபீசிலும் எந்த ஃபைலையும் முடித்து வைத்ததே இல்லையாம். பாலிசிக்காரர் போய்ச் சேர்ந்த பிறகுகூட ஃபைல் அவர் மேஜையில் இளைப்பாறிக்கொண்டிருக்கும் என்று அவர் மனைவியே சொல்லுவார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். “இந்த வீட்டுல எதுவுமே சாகாது டீச்சர். எல்லாம் தூங்கிட்டிருக்கும். நான் ஒருத்திதான் முழிச்சிட்டிருக்கேன், அதுங்களுக்குத் தூசி தட்ட” என்பார்.

அக்கா சொன்ன இன்னொரு கதையும் உண்டு. “எங்க மாமனார் போனப்போ சொந்தக்காரங்களுக்கு இவர்தான் போன் பண்ணணும். ‘அப்பா...’ன்னு ஆரம்பிச்சு அப்படியே நின்னுடுவார். அந்தப் பக்கம் இருக்கறவங்களே புரிஞ்சிக்கிட்டு அழுதுட்டு வச்சிடுவாங்க. ஒரு பெரியப்பாவுக்கு மட்டும் காது மந்தம். ‘அப்பாகிட்ட குடுடா, பேசறேன்’னார். இவர் ‘தூங்கறாரு’ன்னு சொல்லி வச்சிட்டார்.” அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு எனக்கு என்னவோ போல இருந்தது.

இப்பேர்ப்பட்ட மனிதர் செடி வளர்க்க ஆசைப்பட்டால் எதை வளர்க்க வேண்டும்? ராஜகீழ்ப்பாக்கத்தில் எதை நட்டாலும் வரும். செம்பருத்தி வரும், நித்தியமல்லி வரும், நந்தியாவட்டை கேட்காமலே வரும். அரளி இருக்கவே இருக்கிறது, மாடு கூடத் தொடாது. சாருக்கு இதெல்லாம் பிடிக்காது. “கேக்காமலே வளர்றதுல என்ன டீச்சர் இருக்கு? அது வளரலை, நம்ம தலையில ஏறி உட்காருது” என்பார். அவருக்கு வேண்டியது பென்ஸ்டிமன்.

பென்ஸ்டிமன் என்றால் என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. உங்களுக்கும் தெரியாமல் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். அமெரிக்காவில் மலையும் பனியும் இருக்கிற பக்கம் வளர்கிற பூச்செடி அது. ஒரு நீளத் தண்டு, தண்டு முழுக்கக் குழல் குழலாகப் பூ. தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தன் வீட்டுத் தோட்டத்தில் அதை எப்படி விதைப்பது, எப்படிக் கிள்ளி நட்டுப் பெருக்குவது என்று வீடியோ போடுவாள். சார் ரிட்டையர் ஆன வருடம் தற்செயலாக அதைப் பார்த்தார். அன்றிலிருந்து அவள் அவருக்கு ‘நம்ம மேடம்’ ஆகிவிட்டாள். “நம்ம மேடம் இன்னிக்குப் புதுசா ஒண்ணு சொல்லியிருக்காங்க” என்று அவர் ஆரம்பித்தால் அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

விதையை ஆன்லைனில் வரவழைத்தார். அந்த விதைக்கு ஒரு கௌரவம். முளைக்க வேண்டுமென்றால் அதற்கு முன்னால் ஒரு குளிர்காலத்தை அது அனுபவித்திருக்க வேண்டும். ஈரத்தில், பனியில் இரண்டு மூன்று மாதம் கிடந்தால்தான் கண்ணைத் திறக்கும். ராஜகீழ்ப்பாக்கத்தில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? சார் யோசித்தார். ஈர டிஷ்யூ பேப்பரில் விதையை மடித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் குளிர்காலத்தை ஏற்பாடு செய்தார்.

அந்தக் குளிர்காலம் சில வாரம்தான் நடந்தது. அக்கா ஒரு நாள் டப்பாவைத் திறந்து பார்த்தார். ஈரக் காகிதம், அதில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளி. ஏதோ பூஞ்சைக்காளான் பூத்துவிட்டது என்று குப்பையில் கொட்டி, டப்பாவைச் சுடுதண்ணீரில் கழுவி, அதில் எங்கள் வீட்டுக்குப் புளியோதரை கொடுத்தனுப்பினார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சார் வந்து வாசலில் நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“டீச்சர், அந்த டப்பா உங்க வீட்டுக்கு வந்துதா?”

“வந்துது சார். புளியோதரை பிரமாதம்.”

“உள்ளே சின்னச் சின்னதா, கறுப்பா ஏதாவது...”

என் கணவர் வாயில் இருந்ததை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். “எள்ளுதானே சார்?” என்றார் மெதுவாக. சார் டப்பாவைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். என் கணவர் அன்று மாலை வரை வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தார்.

இரண்டாவது குளிர்காலம் ஃபிரிட்ஜில் பூட்டுப் போட்ட டப்பாவில் நடந்தது. விதை முளைத்தது. பிறகு மண். பென்ஸ்டிமனின் வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, மண்ணில் பாதிக்குப் பாதி கல் இருக்க வேண்டும் என்பது நம்ம மேடத்தின் கட்டளை. சார் ஒரு லோடு பொடி ஜல்லிக்கு ஆர்டர் கொடுத்தார். தெருமுனையில் கட்டட சாமான் விற்கிறவரே நேரில் வந்து வண்டியை நிறுத்தி இறக்கினார். இந்தத் தெரு இருக்கும் இடம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல்.

“இன்னா சார், மாடி எடுக்கப் போறீங்களா? சொல்லவே இல்ல?”

“மாடி இல்லப்பா. செடிக்கு.”

“செடிக்கா? ஜல்லியா?” அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். “சார், யாரோ உங்கள நல்லா ஏமாத்திகினு கீறாங்கோ. நாங்க செடி வச்ச காலத்துல கல்லப் பொறுக்கி வெளில போடுவோம். நீங்க காசு குட்து உள்ள போடுறீங்கோ.”

அவர் வீட்டு முன்னால் இப்போது இருப்பது பிளாஸ்டிக் புல். அதற்குத் தண்ணீரே வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லுவார். இருந்தாலும் அவர் பேச்சைத் தெரு நம்பியது, சார் பேச்சை நம்பவில்லை. மாடிப் போர்ஷன் எப்போது முடியும், அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு மாதக் கணக்கில் ஆட்கள் வந்து பெல் அடித்தார்கள். முடிச்சூரில் வெள்ளத்துக்குப் பயந்து வீடு மாற்ற நினைத்த ஒரு குடும்பம் ஜல்லிக் குவியலைப் பார்த்துவிட்டு, பெட்ரூம் கிழக்கு பார்த்து இருக்குமா என்று விசாரித்துவிட்டுப் போனது.

மார்கழி, தை மாதங்களில் சாரைப் பார்க்க வேண்டும். தெருவே மங்கி கேப்பும் மஃப்ளருமாகத் திரியும். சார் மட்டும் வெறும் பனியனோடு மொட்டை மாடியில் நின்று இரண்டு கையையும் விரித்துக் குளிரை அளப்பார். யாராவது “ஸ்ஸ், குளிருது” என்றால் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், ஏதோ தானே செலவழித்து வரவழைத்த மாதிரி. செடிகளும் அந்த இரண்டு மாதம் தளதளவென்று இருக்கும். அப்போது தண்டை இலைக்கணுவுக்குக் கீழே பிளேடால் நறுக்கி, அடியிலையைக் கிள்ளி, ஜல்லிமண் தொட்டியில் நட்டு, தண்ணீர் பாட்டிலைப் பாதியாக வெட்டி மேலே கவிழ்த்து, வேர் விட்டதும் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் இரண்டாகக் கொடுப்பார்.

கொடுத்ததோடு விட்டாரா என்றால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ரவுண்டு வருவார். பங்குனிக்குள் தெருவில் ஒரு தொட்டி பாக்கி இல்லாமல் எல்லாம் காய்ந்து குச்சியாகியிருக்கும். சார் ஒவ்வொரு குச்சியாகக் குனிந்து பார்த்து, விரலால் தட்டி, “தூங்குது. எழுப்பாதீங்க. தண்ணி மட்டும் லைட்டா விட்டுட்டு வாங்க” என்பார். தூங்குகிற செடியைத் தூக்கி எறிய யாருக்குத் துணிச்சல் வரும்? எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு தொட்டி ஜல்லியும் அதில் ஒரு குச்சியும் இருந்தன. நாங்கள் அதற்குத் தினமும் தண்ணீர் விட்டோம். எங்கள் வீட்டுக் குச்சி ஒரு நாள் துடைப்பம் பட்டு முறிந்துவிட்டது. ஞாயிறு வருகிறதே என்ற பயத்தில் என் கணவர் அந்த இடத்தில் ஒரு ஊதுவத்திக் குச்சியைச் செருகிவைத்தார். சார் வந்து குனிந்து பார்த்தார், தட்டினார். “இந்தத் தெருவிலேயே உங்க வீட்டுதான் நல்லா தூங்குது டீச்சர்” என்றார்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அவரிடமிருந்து ஒரு செய்தி வரும். ‘இந்த ஆண்டு பென்ஸ்டிமன் நிச்சயம் பூக்கும். படம் வெளியிடப்படும்.’ எல்லோரும் கைகூப்பிய படம் போடுவார்கள். அதற்கு மேல் எதுவும் வெளியிடப்பட்டதில்லை.

அவரை நம்பிய ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான். அவர் மகள் சுபா. கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தாள். அவளுக்குத் தினமும் செடியின் படம் போகும். “அப்பா, மூணாவது தொட்டி லெஃப்ட்ல ஒரு இலை புதுசா வந்திருக்கே” என்று அங்கிருந்தே கண்டுபிடித்துச் சொல்லுவாள். அப்படி ஒரு போன் வந்தால் சார் அன்று இரண்டு தோசை கூடச் சாப்பிடுவார் என்று அக்கா சொல்லுவார்.

நான்காவது வருடமோ என்னவோ, சார் ஒரு முடிவுக்கு வந்தார். செடிகள் சாவது... மன்னிக்கவும், தூங்குவது வெயிலால். வெயிலை நிறுத்த முடியாது. ஆனால் வீட்டில் ஒரு ஏசி ரூம் இருக்கிறது. மாசிக் கடைசியில் நல்ல தொட்டியாகப் பொறுக்கி எடுத்துப் பெட்ரூமுக்குக் கொண்டுபோனார். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்திவைத்தார். சூரியனுக்குப் பதிலாக ட்யூப் லைட்டுகளை வரிசையாகக் கட்டினார். ஏசியைப் பதினெட்டில் வைத்து, ரிமோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குளிக்கப் போகும்போதுதான் அதை வெளியே எடுப்பார். அதையும் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்.

அந்தக் கோடையில் பென்ஸ்டிமன்கள் ஏசியில் தூங்கின. சாரும் அக்காவும் ஹாலில் பாய் விரித்து, அனல் காற்றை அள்ளிப் போடும் ஃபேனுக்குக் கீழே படுத்தார்கள். விருந்தாளி யாராவது வியர்க்க விறுவிறுக்க வந்து, உள்ளே ஏசி ஓடுகிற சத்தம் கேட்டு ஆவலாக எட்டிப்பார்த்தால் சார் உதட்டில் விரலை வைப்பார். ஆச்சரியம், அந்த வருடம் செடி தாக்குப்பிடித்தது. மழைக்காலம் போய், அடுத்த தை போய், மறுபடி மாசியில் ஏசிக்குள் குடிபோனது. இந்தத் தடவை பூக்க வேண்டிய வயசு.

அந்தச் சமயத்தில் சுபாவுக்கு ஆறாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்கு இரண்டு முறை தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய குழந்தை. அக்கா வேண்டாத கோயில் இல்லை. வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குச் சித்திரையில் அம்மா வீட்டுக்கு வருகிறாள். அக்னி நட்சத்திரத்தில், எட்டாம் மாத வயிற்றோடு, பெங்களூரிலிருந்து ராஜகீழ்ப்பாக்கத்துக்கு. வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஏசி ரூம்.

“பொண்ணு வரா. ரூமைக் காலி பண்ணுங்க” என்றார் அக்கா.

“பார்க்கலாம். மொட்டு வைக்கிற டைம்” என்றார் சார்.

அன்றோடு அக்கா அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. அதற்கு நான் வேண்டியிருந்தது. பள்ளிக்கு லீவு விட்டிருந்ததால் எனக்கும் தப்பிக்க வழியில்லை. சார் எதிரிலேயே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அக்கா என்னைப் பார்த்துச் சொல்லுவார்: “டீச்சர், சார்கிட்ட சொல்லுங்க, மாப்பிள்ளை வீட்ல கேட்டா நான் என்ன சொல்றது? பொண்ணுக்கு ரூம் இல்ல, அதுல அமெரிக்காலேர்ந்து வந்த சொந்தக்காரங்க தங்கியிருக்காங்கன்னு சொல்லவா?” சாரும் என்னைப் பார்த்துச் சொல்லுவார்: “டீச்சர், அவகிட்ட சொல்லுங்க, இன்னும் கொஞ்ச நாள். இத்தனை வருஷம் பொறுத்தாச்சு.” நான் பாடம் எடுக்கிறவள். இப்படி ஒரே பாடத்தை இரண்டு பக்கமும் திருப்பிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

சுபா வந்து இறங்கிய அன்றுதான் தண்டின் நுனியில் மொட்டு தெரிந்தது. அவள் செருப்பைக் கழற்றியதும் நேராக அந்த ரூமுக்குத்தான் போனாள். “அப்பா! மொட்டுப்பா! நான் சொன்னேன்ல?” என்று அவள் கத்தியது எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது சார் அவள் பக்கத்தில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

முதலில் சமரசம் பேசிப் பார்த்தார்கள். செடியும் பெண்ணும் ஒரே ரூமில். செடிக்குப் பதினெட்டு வேண்டும், சுபாவுக்கு டாக்டர் இருபத்தாறு சொல்லியிருந்தார். நடுவில் இருபத்திரண்டில் வைத்தார்கள். செடி தலையைத் தொங்கப்போட்டது, சுபா தும்ம ஆரம்பித்தாள். விடியும் முன்பே ட்யூப் லைட் எல்லாம் எரிந்து கல்யாண மண்டபம் போல் ஆகிவிடும், அவளால் தூங்க முடியவில்லை. மூன்றாம் நாள் அவளே தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டாள்.

“அப்பா, நீங்க பதினெட்டே வைங்க. பூக்கட்டும். பத்து நாள்தானே, நான் இங்கயே படுத்துக்கறேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். சொல்லச் சொல்லி எதுவும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மதியமானால் எங்கள் தெருவில் லோ வோல்டேஜ். ஃபேன் சுற்றுகிறதா நிற்கிறதா என்று கண்டுபிடிக்க முடியாது. சுபாவின் கால் இரண்டும் வீங்கி, கொலுசு தோலுக்குள் புதைந்திருந்தது. பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, நன்றாகத் தூங்கியே ஆகவேண்டும் என்று டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார். அக்கா ஈரத்துண்டை ஜன்னலில் கட்டிவிட்டு, பனையோலை விசிறியோடு மகள் தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார். சுபா வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “மொட்டு கலர் தெரியுதாப்பா?” என்று கேட்பாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தொட்டிகளை நானே தூக்கித் தெருவில் போட்டிருப்பேன். ஒரு மனிதர் இவ்வளவு கல்நெஞ்சக்காரராக இருக்க முடியுமா என்று என் கணவரிடம் புலம்பினேன். சார் ரூம் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் மொட்டைப் பார்ப்பார், கொஞ்ச நேரம் திரும்பி மகள் காலைப் பார்ப்பார். கை சட்டைப் பையில் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காலை சுபாவுக்கு நுங்கு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அக்கா காபி ஆற்றிக்கொண்டிருந்தார். சார் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்தார். வேட்டியெல்லாம் மண், முழங்கை வரை ஜல்லித் தூசி. ஹால் நடுவில் வந்து நின்று, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

“சுபா, ரூமுக்குப் போய்ப் படும்மா. செடியெல்லாம் செத்துப்போச்சு.”

அக்கா கையில் இருந்த காபி டபராவுக்கு வெளியே கொட்டிக்கொண்டே இருந்தது. நான் நுங்கைக் கீழே வைக்கவும் மறந்து நின்றேன்.

“என்னதுப்பா?” என்றாள் சுபா.

“செத்துப்போச்சும்மா. ஒண்ணுகூட தேறலை. வேர் அழுகிடுச்சு. காலையில பார்த்தேன், எல்லாம் போச்சு. எடுத்துட்டேன்.”

அக்கா வந்து அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். “என்னங்க ஆச்சு உங்களுக்கு? உடம்பு சரியில்லையா?” அத்தனை நாளுக்கு அப்புறம் அவரோடு நேராகப் பேசிய பேச்சு அது. நான் நடுவில் தேவைப்படவில்லை.

சுபா அழ ஆரம்பித்துவிட்டாள். “நான் ஏசியை மாத்தினதாலதானேப்பா? என்னாலதானே?”

“சீ, உன்னால ஒண்ணுமில்ல. செடின்னா சாகத்தான் செய்யும். அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?” அவர் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். “இருபத்தாறு வச்சுக்கோ.”

நானும் அக்காவும் சேர்ந்து கட்டிலைப் போட்டோம். சுபா படுத்த கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள். அப்படி ஒரு தூக்கம், மதியச் சாப்பாட்டுக்கு எழுப்ப மனசு வரவில்லை என்று அக்கா பிறகு சொன்னார்.

அன்று உச்சிவெயிலில் நான் வடாம் திருப்பிப்போட எங்கள் மொட்டை மாடிக்குப் போனேன். இரண்டு வீட்டு மாடிக்கும் நடுவில் இடுப்பளவு சுவர்தான். அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு ஈர வேட்டி பந்தல் மாதிரி கட்டியிருந்தது. அதற்குக் கீழே தொட்டிகள் வரிசையாக இருந்தன. சார் தரையில் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டிருந்தார். குடை செடிக்கு, அவர் வெயிலில் இருந்தார். இன்னொரு கையில் துணி இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கிற பாட்டில்.

செடிகள் பச்சைப்பசேல் என்று இருந்தன. ஒன்றில் பூ திறந்திருந்தது.

விரல் நுனி அளவுக் குழல். வெளியே கத்தரிப்பூ நிறம், உள்ளே வெள்ளை, வெள்ளையில் பேனாவால் இழுத்த மாதிரி மெல்லிய சிவப்புக் கோடுகள். அவ்வளவு அழகாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

“சார்! இது உயிரோட...”

அவர் உதட்டில் விரலை வைத்தார். “கீழ தெரிய வேண்டாம் டீச்சர். உயிரோட இருக்குன்னா அவ மறுபடியும் தலகாணியைத் தூக்கிட்டு ஹாலுக்கு வந்துடுவா.”

இத்தனை நாள் மனசுக்குள் அவரைத் திட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. “ஒரு போட்டோவாவது எடுங்க சார். இத்தனை வருஷமா குரூப்ல சொல்லிட்டிருந்தீங்களே. எல்லாரும் பார்க்கட்டும்.”

“செத்த செடி எப்படி டீச்சர் பூக்கும்?” என்றார். குரூப்பில் சுபாவும் இருந்தாள்.

“எவ்வளவு நேரம் தாங்கும் சார்?”

“சாயங்காலம் வரைக்கும் தாங்கினா பெரிசு.”

“உங்க மேடம் இதுக்கு ஏதாவது வழி சொல்லியிருப்பாங்களே?”

“அவங்களுக்கு அக்னி நட்சத்திரம்னா என்னன்னு தெரியாது” என்று சொல்லிவிட்டு, குடையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார். அவர் கழுத்தில் வெயில் பட்டுத் தோல் கன்றியிருந்தது. நான் எங்கள் வீட்டுப் பழைய போர்வை ஒன்றை நனைத்துக் கொண்டுவந்து சுவர் வழியாகக் கொடுத்தேன். அதையும் வாங்கிச் செடிக்குத்தான் போர்த்தினார்.

சுபாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் சுகம். தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கிற அன்று வீடு முழுக்கக் கூட்டம். ஏசி ரூமில் இருபத்தாறு டிகிரியில் குழந்தை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. தெருக்காரர்கள் சாரைத் துக்கம் விசாரித்தார்கள். கடைசியில் செடி போய்விட்டதாமே, பூக்கவே இல்லையாமே என்று கேட்டார்கள். ஜல்லிக்காரர் பிளாஸ்டிக் செடி நல்லதாக இருக்கிறது, ஒன்று தரட்டுமா என்றார். சார் எல்லோருக்கும் “ஆமாம், போச்சு” என்று சொல்லிக்கொண்டு பாயசம் ஊற்றினார். ராஜகீழ்ப்பாக்கத்தில் பென்ஸ்டிமன் பூத்ததைப் பார்த்தவர்கள் நானும் அவரும்தான். என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை.

பந்தி முடிந்ததும் அவரைக் காணவில்லை. நான் மாடிக்குப் போனேன். தொட்டிகள் அதே வரிசையில் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஜல்லிக்கு நடுவில் ஒரு குச்சி, தொட்டால் ஒடிந்துவிடும் போல. பூ இருந்த தண்டு வெயிலில் வளைந்து அப்படியே காய்ந்திருந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சார் ஒரு சொம்பில் அதற்கெல்லாம் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். குச்சிகளைக் காட்டி, பழைய குரலில், மெதுவாகச் சொன்னார்.

“சத்தம் போடாதீங்க டீச்சர். தூங்குது.”

நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.